வீட்டுப் பட்டறைக்குச் சக்கரம் வைத்த கேன்ட்ரி கிரேன்: 1 டன் தூக்க எந்த உத்தரம், எந்தச் சக்கரம்?

திருகுமரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வீட்டை ஒட்டிய இடத்தில் தகரக் கூரை போட்ட சிறு பட்டறை ஒன்றை வைத்திருக்கிறேன். உள்ளளவு 6 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம். கூரை டிரஸ்ஸின் அடிமட்டம் தரையிலிருந்து 3.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பக்க ஷட்டர் 3 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உடையது. தரை, மண்ணைக் கெட்டித்து அதன்மேல் போட்ட 100 மி.மீ. கான்கிரீட்.

6 அடி லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றைப் பழையதாக வாங்கப் பேசி முடித்திருக்கிறேன். எடை 900 கிலோ வரும் என்று விற்பவர் சொல்கிறார். அதை மினி லாரியிலிருந்து இறக்குவதோடு வேலை முடிந்துவிடாது. கியர்பாக்ஸ், மோட்டார், வார்ப்புகள் என மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது ஆள் பலத்தால் தூக்க முடியாத ஏதாவது ஒன்று பட்டறைக்கு வருகிறது. கூரை டிரஸ் தகரத்தைத் தாங்குவதற்காக மட்டுமே போடப்பட்ட மெல்லிய ஆங்கிள் என்பதால் அதில் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் கருவி) மாட்டும் எண்ணமே இல்லை. ஆகவே தனியாக நிற்கும், சக்கரத்தில் நகரும் கேன்ட்ரி (இரு பக்கக் கால்களின் மேல் உத்தரம் வைத்த தூக்கும் சட்டம்) ஒன்றை நானே வெல்டிங் செய்து கட்டிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

மனதில் வரைந்திருப்பது இதுதான். பட்டறையின் அகலத்தை முழுதும் பயன்படுத்திக்கொள்ள 4 மீட்டர் இடைவெளியில் ஐ.எஸ்.எம்.பி. 150 (150 மி.மீ. உயரமுள்ள ஐ வடிவ இரும்பு) உத்தரம்; இரு பக்கமும் ‘ஏ’ வடிவக் கால்கள், 50×50×3 சதுரக் குழாயில்; உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி குழாய்க்குள் குழாய் வைத்துப் பின் போடும் அமைப்பு; 1,000 கிலோ சுமை, 200 கிலோ சொந்த எடை, ஆக 1,200 கிலோவை நான்கால் வகுத்து 300 கிலோ தாங்கும் கேஸ்டர் சக்கரங்கள் நான்கு. இதில் எது போதும், எது போதாது என்று இதே வேலையில் இருப்பவர்கள் சொன்னால் இரும்பு வாங்குவதற்கு முன் திருத்திக்கொள்வேன்.


சாரம்

நண்பரே, நான் கட்டுமானக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவன். கேன்ட்ரி என்றதும் எல்லோரும் உத்தரம் முறிந்துவிடுமா என்றுதான் கேட்பார்கள். நீங்கள் அதைவிட ஒரு படி மேலே போய்க் கால், சக்கரம் ஆகியவற்றையும் எழுதியிருப்பதால் ஒவ்வொன்றாகவே பார்க்கலாம்.

உத்தரத்தில் தொடங்குவோம். சுமை 1,000 கிலோ, செயின் பிளாக்கும், அதைத் தாங்கி உத்தரத்தில் ஓடும் டிராலியும் சேர்ந்து 50 கிலோ என்று கொள்வோம். கையால் இயக்கும் கிரேனுக்கு அதிர்வுக்காக 10 சதவீதம் கூட்டுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் நடுவில் இறங்கும் விசை ஏறத்தாழ 11.3 கிலோநியூட்டன். ஐ.எஸ்.எம்.பி. 150-இன் குறுக்கு வெட்டுக் குணகம் (வளைவை எதிர்க்கும் திறனின் அளவு) சுமார் 97 கன செ.மீ. இடைவெளி 4 மீட்டர் எனில் தகைவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 117 நியூட்டன் வருகிறது. சாதாரண மைல்டு ஸ்டீலின் இளகுநிலை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 250 என்பதால் இது பாதுகாப்பாகத்தான் தோன்றும். ஆனால் தொய்வைக் கணக்கிட்டால் 9.5 மி.மீ. வருகிறது, எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 800, கையியக்கக் கிரேனின் உத்தரத்துக்கு இடைவெளியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு, அதாவது இங்கே 8 மி.மீ. தொய்வைத்தான் அனுமதிக்கிறது. தொய்வு அதிகமானால் உத்தரம் உடைந்துவிடும் என்று பொருளல்ல. டிராலி எங்கே நிறுத்தினாலும் தானாக நடுப்பள்ளத்துக்கு உருண்டு வரும், சுமையை ஓரத்தில் நிறுத்திப் பிடிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

இடைவெளியை 3 மீட்டராகக் குறைத்தால் அதே உத்தரத்தில் தொய்வு 4 மி.மீ. ஆகிவிடுகிறது, ஏனென்றால் தொய்வு இடைவெளியின் மூன்றாம் அடுக்கில் வளர்வது. தகைவும் 88-க்கு இறங்குகிறது. இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஐ வடிவ உத்தரத்துக்கு இன்னொரு பலவீனம் உண்டு. மேல் விளிம்பு அமுக்கத்தில் இருக்கிறது. அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள உங்கள் கிரேனில் தளமோ குறுக்குச் சட்டமோ எதுவும் இல்லை. எனவே சுமை ஏற ஏற அந்த விளிம்பு பக்கவாட்டில் நெளிந்து, உத்தரம் முழுவதும் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். 150-இன் விளிம்பு மிகக் குறுகியது. பழைய 1984 ஐ.எஸ். 800 முறைப்படி, பிடிப்பில்லாத 3 மீட்டர் நீளத்துக்கு அனுமதிக்கத்தக்க தகைவு 165-இலிருந்து ஏறத்தாழ 85-க்கு விழுந்துவிடுகிறது. சுமை கீழ் விளிம்பில் தொங்குவதும், நடுவில் மட்டும் இறங்குவதும் நமக்குச் சாதகமானவை என்றாலும், 85 அனுமதிக்கு 88 என்பது வீட்டில் கட்டும் பொருளுக்கு நான் கையெழுத்திடக்கூடிய கணக்கு அல்ல.

ஆகவே என் பரிந்துரை 3 மீட்டர் இடைவெளியும் ஐ.எஸ்.எம்.பி. 200-உம். அதன் விளிம்பு 100 மி.மீ. அகலம், தகைவு 38, தொய்வு 1.3 மி.மீ. மட்டுமே. மீட்டருக்கு 25 கிலோ வீதம் 3.4 மீட்டர் துண்டு 85 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கி மேலே வைப்பது சிரமம்தான். அதற்காகத் தற்காலிகச் சாரம் கட்டிக்கொள்ளுங்கள். 175 கிடைத்தால் அதுவும் போதும், ஆனால் எல்லாக் கடையிலும் அது இருப்பில் இருப்பதில்லை. மினி லாரியின் உடல் அகலம் 1.6 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால், 3 மீட்டர் இடைவெளிக்குள் லாரி தாராளமாக நுழையும்.

அடுத்தது சக்கரம். மொத்த எடையை நான்கால் வகுக்கும் கணக்கு, டிராலி நடுவில் நின்று தரையும் கண்ணாடிபோல் சமமாக இருந்தால்தான் பொருந்தும். டிராலியை ஒரு காலின் அருகே ஓட்டிச் சென்றால் சுமையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களின் மேல் இறங்கும். டிராலி நடுவிலேயே நின்றாலும் தரையில் மேடு பள்ளம் இருந்தால் விறைப்பான சட்டம் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சக்கரங்களின் மேல் மட்டும் நிற்கக்கூடும். இரண்டு வழியில் பார்த்தாலும் ஒரு சக்கரத்துக்கு 550 முதல் 600 கிலோ வருகிறது. 300 கிலோ கேஸ்டர் இதில் ஏறத்தாழ பாதிதான். குறைந்தது 700 கிலோ என்று அச்சிட்ட சக்கரம் நான்கு வாங்குங்கள்.

கால்களுக்கு 50×50×3 குழாய் வலுவில் குறைந்ததல்ல, ஆனால் 2.9 மீட்டர் நீளத்துக்கு மெலிவு விகிதம் (காலின் நீளத்தை அதன் குறுக்களவோடு ஒப்பிடும் எண்; கூடினால் கால் எளிதில் நெளியும்) 150-ஐத் தாண்டிவிடும். விதி 180 வரை அனுமதிக்கிறது. லாரியின் பின்கதவு இடித்தோ, யாராவது ஏணியைச் சாய்த்தோ நடுவில் ஒரு நசுங்கல் விழுந்தால் மெலிந்த காலுக்கு அந்த அனுமதி பயன்படாது. 72×72×4 எடுத்தால் விகிதம் 105-க்கு வந்துவிடும். எடை மொத்தத்தில் ஏறத்தாழ 45 கிலோதான் கூடும்.


உளிமுனை

சாரம் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் பேப்ரிகேஷன் வேலை செய்பவன் என்ற முறையில் இரும்பில் கைவைக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

உத்தரத்தை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடலாம், அதில் தவறில்லை. ஆனால் வெர்னியரை எடுத்துக்கொண்டு போங்கள். விளிம்பின் தடிப்பை நுனியில் அளக்காமல், நுனிக்கும் நடுத்தகட்டுக்கும் பாதி தூரத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஐ.எஸ்.எம்.பி.யின் விளிம்பு உள்பக்கம் சரிவாக இருக்கும். 200-க்கு அங்கே 10 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். துருவைச் சுரண்டிப் பார்த்துக் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். துளை போட்ட பழைய உத்தரம் கிடைத்தால், துளைகள் நடுப்பகுதியில் கீழ் விளிம்பில் விழாதபடி வெட்டி எடுக்க முடியுமா என்று பாருங்கள். மீட்டர் கணக்கில் எடை போட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அந்தச் சரிவு இரண்டு இடங்களில் வேலை வாங்கும். ஒன்று, டிராலி. சரிவு விளிம்பில் ஓடும் டிராலியின் சக்கரம் கூம்பாகக் கடைந்திருக்கும். இணை விளிம்பு உத்தரத்துக்கான தட்டைச் சக்கரத்தை இதில் போட்டால் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டு ஓடி, விளிம்பில் கோடு விழும். கடையில் விளிம்பு அகலம் 100 மி.மீ., சரிவு உத்தரம் என்று இரண்டையும் சொல்லி வாங்குங்கள். அகலத்தை வாஷர் மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம், சக்கரத்தின் கூம்பை மாற்ற முடியாது. இரண்டு, போல்ட். உத்தரத்தைக் காலின் தலைத்தகட்டில் வைத்து முடுக்கும்போது, விளிம்பின் சரிந்த முகத்தில் சாதாரண வாஷர் போட்டால் போல்ட்டின் தலை ஒரு பக்கம் மட்டுமே உட்கார்ந்து, முடுக்க முடுக்கப் போல்ட் வளையும். அதற்கென்றே சதுரமான சரிவு வாஷர் விற்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு ஓரம் தடிப்பாகவும் எதிர் ஓரம் மெல்லியதாகவும் இருக்கும். தடித்த ஓரம் விளிம்பின் நுனிப் பக்கம் வரும்படி போட வேண்டும். 8.8 தர 16 மி.மீ. போல்ட் ஒரு காலுக்கு நான்கு போதும். 150 உத்தரத்தின் குறுகிய விளிம்பில் இந்தப் போல்ட்டுக்குத் துளையிட்டால் ஓரத்தில் இரும்பே மிஞ்சாது. 200 எடுக்கச் சொல்வதற்கு இதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரத்தையும் காலையும் வெல்டிங் செய்து ஒன்றாக்கிவிடாதீர்கள். உங்கள் ஷட்டர் 2.4 மீட்டர்தான், கட்டிய கிரேன் அதன் வழியாக வெளியே வரவே வராது. போல்ட் மூட்டாக இருந்தால் கழற்றி எடுக்கலாம்.

அந்த மூட்டு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதில்தான் வீட்டில் கட்டும் கேன்ட்ரிகள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. ‘ஏ’ வடிவம் காலை ஒரு திசையில் மட்டுமே நிறுத்துகிறது. உத்தரத்தின் நீளவாக்கில் பார்த்தால் அது வெறும் நேர்க்கோடு. அதன் அடியில் சுழலும் சக்கரம் வேறு. தலைத்தகட்டை மட்டும் நம்பினால் தள்ளும்போது முழுச் சட்டமும் இணைகரமாகச் சாயும். ஆகவே உத்தரத்துக்கும் காலுக்கும் இடையே 45 டிகிரியில் முட்டுச் சட்டம் கட்டாயம் வேண்டும். மூட்டிலிருந்து இரு பக்கமும் 500 மி.மீ. தள்ளி, 10 மி.மீ. கஸெட் தகட்டில் (மூட்டை இணைக்கும் தகடு) போல்ட் போட்டுப் பிடியுங்கள். டிராலி ஓடும் தூரம் 2 மீட்டராகக் குறையும். அது பாதகமில்லை. காலுக்கு நேர் மேலே, உத்தரத்தின் நடுத்தகட்டின் இரு பக்கமும் 8 மி.மீ. தகட்டை நிறுத்தி வெல்டிங் செய்துவிட்டால் அந்த இடம் நசுங்காது.

டிராலி ஓடித் தீரும் இரண்டு முனைகளிலும், வெல்டிங் ஒட்டாக அல்லாமல் துளையிட்டுப் போட்ட போல்ட்டாகவே தடுப்பு வையுங்கள். டிராலியை உள்ளே ஏற்றிய பிறகு மறக்காமல் போடவும் வேண்டும்.

உயரம் மாற்றும் அமைப்பு உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள். குழாய்க்குள் குழாய் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மில்லிமீட்டர் கணக்கில் ஆட்டம் இருக்கும். அது மேலே உத்தரத்தில் சென்டிமீட்டராகத் தெரியும். லாரித் தளம் 75 செ.மீ., அதிலிருந்து 10 செ.மீ. தூக்கும் இடைவெளி, லேத் பெட் உயரம் 95, தூக்கும் பெல்ட்டுக்கு 55, செயின் பிளாக்கின் கொக்கிக்குக் கொக்கி 35, டிராலிக்கு 12, கூட்டினால் 2.82 மீட்டர். உத்தரத்தின் அடிமட்டத்தை 2.85 மீட்டரில் நிரந்தரமாக வைத்தால் மேல்மட்டம் 3.05, உங்கள் டிரஸ்ஸுக்குக் கீழே இன்னும் 25 செ.மீ. மிஞ்சுகிறது. வாங்கப்போகும் செயின் பிளாக்கின் கொக்கி இடைவெளியை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

வெல்டிங் ராடு விஷயத்தில், குழாய்ச் சட்டத்துக்கு 6013 வகை போதும். கஸெட், தலைத்தகடு, அடித்தகடு ஆகியவற்றுக்கு 7018 (ஈரம் ஆகாத, வலுக் கூடிய வகை) பயன்படுத்துங்கள். பெட்டி பிரித்து மழைக்காலத்தில் வைத்திருந்த ராடை அடுப்பில் காயவைக்காமல் 7018 என்று சொல்லிப் பயன்படுத்துவதைவிட, காய்ந்த 6013-ஏ மேல்.


திருகுமரை

இருவருக்கும் மிக்க நன்றி. 3 மீட்டர், ஐ.எஸ்.எம்.பி. 200, நிரந்தர உயரம், 72×72×4 கால் என்று மாற்றிக்கொள்கிறேன். காலின் அடி அகலத்தை 1.5 மீட்டராக வைக்க நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். லேத்தை ஷட்டர் அருகே தூக்கிய பிறகு, அது தொங்கும் நிலையிலேயே கிரேனைத் தள்ளிக்கொண்டு பின்சுவர் வரை, அதாவது 3 மீட்டர் தூரம், கொண்டுபோகலாமா? தரையில் கான்கிரீட் போட்ட இடங்களின் இணைப்பில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு இருக்கிறது. சக்கரம் நைலானா, பி.யு.வா (பாலியூரிதேன்) என்பது இரண்டாவது.


சங்கிலிக்கொக்கி

இயந்திரங்களை இடம் மாற்றி நிறுவும் வேலையில் இருக்கிறேன். முதல் ஐயத்துக்கு என் பதில், முடியும் என்றாலும் செய்யாதீர்கள் என்பதே.

தொங்கும் சுமை எவ்வளவு தாழ்வாக இருந்தாலும், சட்டத்தைப் பொறுத்தவரை அது உத்தரத்தின் உயரத்திலேயே இருப்பதாகத்தான் பொருள், ஏனென்றால் சங்கிலி இழுப்பது அங்கேதான். 1.5 மீட்டர் அடி அகலத்தில் பாதி 75 செ.மீ.; அதை 2.85 மீட்டர் உயரத்தால் வகுத்தால் சுமையில் ஏறத்தாழ கால் பங்கு விசை பக்கவாட்டில் இழுத்தாலே கிரேன் கவிழும் எல்லைக்கு வந்துவிடும். சட்டத்தின் சொந்த எடை சற்றுக் கைகொடுக்கும், அவ்வளவுதான். இப்போது, நடக்கும் வேகத்தில், வினாடிக்கு 1 மீட்டர் என்று வையுங்கள், தள்ளிக்கொண்டு போகும்போது முன்சக்கரம் அந்தப் பிளவில் விழுந்து சட்டென்று நின்றுவிடுகிறது. சட்டம் நிற்கும், லேத் நிற்காது. சங்கிலியின் மேல்முனையிலிருந்து எடையின் மையம் வரை 2 மீட்டர் இருந்தால் அது 13 டிகிரி ஆடும். பக்கவாட்டு விசை சுமையில் 22 சதவீதம். லாரியிலிருந்து எடுத்த உயரத்திலேயே விட்டுவைத்து அந்த நீளம் 1 மீட்டராக இருந்தாலோ, கோணம் 18 டிகிரி, விசை 30 சதவீதம். எல்லையே கால் பங்குதான் என்று மேலே பார்த்தோம். சுமையைத் தரையை ஒட்டித் தாழ்த்தி வைத்துக்கொண்டு நகர்த்து என்று மேஸ்திரிகள் சொல்வதன் காரணம் இதுதான். ஆட்டம் குறையும், மீறிச் சாய்ந்தாலும் சுமை உடனே தரையில் உட்கார்ந்து சங்கிலி தளர்ந்துவிடும்.

இந்த ஆபத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளத் தேவையே உங்களுக்கு இல்லை. கிரேனைப் பட்டறைக்குள் ஷட்டரிலிருந்து ஓர் ஆள் நீளத் தூரத்தில் நிறுத்துங்கள். லேத் ஏற்றிய மினி லாரியின் மொத்த உயரம் 2.1 மீட்டருக்குள் இருக்கும். அது பின்வாங்கிக் கிரேனின் கால்களுக்கு நடுவே உள்ளே வரட்டும். லேத்தை 10 செ.மீ. தூக்குங்கள், லாரி முன்னே போய்விடட்டும், பிறகு லேத்தை அதே இடத்தில் நேராக இறக்குங்கள். இறக்கும் இடத்தில் முன்பே இரண்டு மரச் சட்டங்களையும், அவற்றின் கீழே ஒன்றரை அங்குலக் கனத்த குழாய்த் துண்டுகளையும் போட்டு வைத்திருந்தால், அங்கிருந்து பின்சுவர் வரை கடப்பாரையால் நெம்பியே உருட்டிக்கொண்டு போகலாம். மூன்று பேர் போதும். கிரேன் சுமையோடு ஓர் அங்குலமும் நகர வேண்டியதில்லை. சக்கரம் வெறும் கிரேனை நகர்த்துவதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வைத்துக்கொண்டால் இன்னொரு வசதி. ஒவ்வொரு காலின் அடித்தகட்டிலும், சக்கரத்துக்கு உள்பக்கமாக 24 மி.மீ. திருகுத் தண்டு ஒன்றையும் அதன் கீழே 150 மி.மீ. சதுரத் தகட்டையும் பொருத்திவிடுங்கள். தூக்குவதற்கு முன் நான்கையும் இறக்கிச் சக்கரம் தரையை விட்டுச் சற்றே எழும்படி செய்தால், கிரேன் நகரவும் செய்யாது, தரையின் மேடு பள்ளத்தையும் திருகிலேயே சரிக்கட்டிவிடலாம். ஒரு சக்கரத்தின் கீழ் ஒரு சிறு புள்ளியில் 600 கிலோ இறங்கி உங்கள் 100 மி.மீ. கான்கிரீட்டைக் குத்துவதும் நின்றுவிடும். அதற்காகச் சக்கரத்தைக் குறைந்த தாங்குதிறனில் வாங்கிவிடாதீர்கள். என்றாவது ஒருநாள் யாராவது திருகை இறக்க மறப்பார்கள்.

நைலானா பி.யு.வா என்றால், பிளவும் கல்துகளும் உள்ள தரையில் வார்ப்பிரும்பு நடுப்பகுதி கொண்ட பி.யு. சக்கரம், 200 மி.மீ. விட்டம். நைலான் லேசாக உருளும், ஆனால் ஒரு நட்டின் அளவுள்ள கல் முன்னால் கிடந்தாலே நின்றுவிடும். பிரேக், சக்கரத்தை மட்டுமல்லாமல் அதன் சுழற்சியையும் சேர்த்துப் பூட்டும் வகையாக இருக்கட்டும்.

லேத்தைக் கட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எடையில் பெரும்பகுதி ஹெட்ஸ்டாக் (லேத்தின் இடது தலைப்பகுதி) பக்கம் இருக்கும். ஆகவே கொக்கி பெட்டின் நடுவுக்கு வராது, ஹெட்ஸ்டாக்கை நோக்கித் தள்ளி நிற்க வேண்டும். பெட்டின் மேல் நகரும் டெயில்ஸ்டாக்கையும் கேரேஜையும் வலது கோடிக்கு ஓட்டிப் பூட்டினால் சமநிலை ஓரளவு நடுவுக்கு வரும். பெல்ட்டை பெட்டின் குறுக்கு விலாக்களுக்கு அடியில் கொடுத்து, பெட்டின் நீளவாக்கில் ஓடும் தண்டுகளான லீட் ஸ்குரூவும் பீடு ராடும் அதில் சிக்காதபடி மரத்துண்டு செருகிப் பிடியுங்கள். வளைந்த லீட் ஸ்குரூவை நேராக்கித் தருவதாகச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், நேரான லீட் ஸ்குரூவைத்தான் நான் அதன்பின் பார்த்ததில்லை. இரண்டு பெல்ட்டும் கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் இழுவிசை சுமையில் 58 சதவீதம். உயரம் போதவில்லை என்று 30 டிகிரிக்கு விரித்தால் ஒவ்வொன்றிலும் முழுச் சுமையே வந்துவிடும்.


உப்புத்தாள்

குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு லேத்துக்காக இத்தனை இரும்பு தேவையா? ஹைட்ரா (நகரும் கிரேன் வண்டி) ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, ஷட்டருக்கு வெளியே லாரியிலிருந்து லேத்தைத் தரையில் இறக்கிவிட்டால், மேலே சொன்ன அதே குழாய் உருட்டல் முறையிலேயே உள்ளே கொண்டுபோய்விடலாம். பட்டறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிரேன் நிற்பதும் மிச்சம். கியர்பாக்ஸ், மோட்டார் போன்றவை 200, 300 கிலோதான் இருக்கும். அதற்கு மடக்கு வகை இன்ஜின் ஹாயிஸ்ட் (நீளும் கையுள்ள சிறு தூக்கி) போதுமே.


சாரம்

உப்புத்தாள் நண்பர் சொல்வது லேத்துக்குச் சரி. ஆனால் இன்ஜின் ஹாயிஸ்ட்டின் கை முழுதும் நீட்டிய நிலையில் தாங்கும் எடை, அதன் மேல் எழுதியிருக்கும் பெரிய எண்ணில் கால் பங்கு, அரைப் பங்குதான். லாரித் தளத்தின் நடுவில் இருக்கும் கியர்பாக்ஸுக்குக் கையை நீட்டத்தான் வேண்டும். அதன் நீண்ட கால்களும் லாரியின் அடியில் நுழைய வேண்டும். மாதம் இரண்டு மூன்று முறை என்பதால் கேன்ட்ரி வீண் செலவு அல்ல என்றே நினைக்கிறேன். இடத்தைப் பற்றிய அவரது குறை உண்மைதான். வேலை இல்லாதபோது பின்சுவரை ஒட்டித் தள்ளி, கால்களுக்கு நடுவே மேசையைப் போட்டுக்கொள்ளலாம்.


திருகுமரை

கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்; திருகுத் தண்டும் உண்டு, சுமையோடு நகர்த்தலும் இல்லை. கடைசியாக ஒன்று. கட்டி முடித்த பிறகு, லேத்தை மாட்டுவதற்கு முன் அதைச் சோதிப்பது எப்படி? லேத்தையே சோதனைச் சுமையாக வைக்க மனம் வரவில்லை.


சாரம்

வைக்கவும் கூடாது. சோதனைச் சுமை, தூக்கப்போகும் சுமையைவிடக் கால் பங்கு கூடுதலாக, அதாவது 1,250 கிலோவாக இருக்க வேண்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டை 25 எடுத்து ஒரு வலுவான மரத்தளத்தில் அடுக்கலாம். கட்டட வேலை நடக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் ஒரு நாளைக்குக் கேட்டுப் பாருங்கள். இல்லையெனில் 200 லிட்டர் டிரம்கள் ஆறில் தண்ணீர் நிரப்பினால், டிரம்மின் எடையையும் சேர்த்து 1,300 கிலோவை ஒட்டி வரும். தண்ணீரில் வசதி என்னவென்றால், காலி டிரம்களை முதலில் தூக்கி, தரையிலிருந்து 5 செ.மீ.யில் நிறுத்தி, ஹோஸ் பைப்பால் தூரத்தில் நின்றுகொண்டு மெல்ல நிரப்பலாம். உங்கள் 1 டன் செயின் பிளாக்கையும் டிராலியையும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். 2 டன் ஜோடி ஒன்றை அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தூக்குவதற்கு முன் உத்தரத்தின் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லிய நைலான் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் அது 1.6 மி.மீ. சுருங்கலாம், 3 மி.மீ.யைத் தாண்டினால் உத்தரம் நீங்கள் நினைத்த அளவில் இல்லை அல்லது மூட்டு எங்கோ நழுவுகிறது. பத்து நிமிடம் அப்படியே விட்டு, இறக்கியதும் பழைய அளவுக்கு நூல் திரும்பியிருக்க வேண்டும். அடுத்து டிராலியை இரண்டு தடுப்புகள் வரையும் தனித்தனியாக ஓட்டி அதையே செய்யுங்கள். கால், அடித்தகடு, திருகுத் தண்டு ஆகியவற்றுக்கு உண்மையான சோதனை அங்கேதான். முடிந்ததும் வெல்டிங் கோடுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி பூசிப் பாருங்கள். மயிர்க்கோடாக விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து பொடியில் ஈரக்கோடு தெரியும். வண்ணம் பூசுவது அதற்குப் பிறகுதான்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் இயந்திரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள ஒருவர் முழுமையாகப் பார்க்க வேண்டும், தாங்கும் எடையை அதன்மேலேயே எழுதியிருக்க வேண்டும் என்று வகுத்தது. உங்கள் வீட்டுப் பட்டறைக்கு அது பொருந்தாது. ஆனாலும் உத்தரத்தின் இரு பக்கமும் ‘1 டன்’ என்று தெளிவாக எழுதி, சோதித்த தேதியைப் போடுங்கள். இரவல் கேட்டு வரும் பக்கத்துப் பட்டறைக்காரர் இரண்டு டன் வார்ப்போடு நிற்கும்போது வாய்ப்பேச்சைவிட அந்த எழுத்து உதவும். வருடத்துக்கு ஒருமுறை போல்ட்டுகளை முடுக்கிப் பார்ப்பதும், கேஸ்டரின் சுழல் பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பதும், சங்கிலியில் தேய்ந்த கண்ணி உள்ளதா என்று துணியால் துடைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் அரை நாள் வேலைதான். டிராலித் தடுப்புப் போல்ட்டுகளில் நைலான் பூட்டு நட் போட்டிருந்தால், கழற்றிய ஒவ்வொரு முறையும் புதியதாகவே போட்டுவிடுங்கள்.